கூரை வழியாக இறங்கும் கோடை

ஏப்ரல் 22-ஐ ஒட்டிய ஒரு நாளில், பகல் பன்னிரண்டே கால் மணியளவில், கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டியில் நேராக நட்டு வைத்த கம்புக்கு நிழல் விழாது. சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். ஆகஸ்ட் 20 வாக்கில் இன்னொரு முறை இப்படி நிற்கும். கோடையின் நடுப்பகலில் சுவர்மேல் படும் வெயில் சரிந்துதான் படும். கூரை மட்டும் முழு வெயிலையும் நெற்றியில் வாங்கும். இந்தப் பகுதியில் வீடு கட்டுகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி இதுதான்.

மேகமில்லாத அந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டர் மொட்டை மாடியில் விழும் வெயிலின் ஆற்றல் சுமார் 900 வாட். 300 சதுர அடித் தளம் என்றால் ஏறத்தாழ 28 சதுர மீட்டர். மொத்தம் 25,000 வாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் 25-ஐச் சூடாக்கித் தளத்தின் மேல் வரிசையாகக் கவிழ்த்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவு. அதில் எத்தனை பங்கு வானத்துக்கே திரும்புகிறது, எத்தனை பங்கு வீட்டுக்குள் இறங்குகிறது என்பதைக் கூரையின் நிறமும், அது எதனால் எவ்வளவு கனத்தில் ஆனது என்பதும் தீர்மானிக்கின்றன. தரை டைல்ஸுக்காகவும் வாசல் கதவுக்காகவும் கடை கடையாக ஏறி இறங்கும் குடும்பங்கள்கூட இந்த ஒரு கணக்கை மேஸ்திரியிடம் கேட்பதில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பதே காரணம்.

ஓசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தளியும் தேன்கனிக்கோட்டையும் அதே மேட்டின் தொடர்ச்சி. தேன்கனிக்கோட்டை தாண்டியதும் காட்டு வழியாகச் சாலை வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது. மலைகளுக்கு நடுவே அஞ்செட்டி. அங்கிருந்து நாட்றாம்பாளையம் வழியாக இன்னும் இறங்கினால் ஒகேனக்கல், காவிரி. ஆயிரம் மீட்டர் கீழே இறங்கினால் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் கூடும் என்பது வானிலையியலின் பொது விதி. ஆகவே ஓசூரில் பொருந்தும் வீடு ஒகேனக்கல்லில் பொருந்த வேண்டும் என்பதில்லை. அஞ்செட்டி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. மேட்டின் குளிர்ந்த இரவு கொஞ்சம், பள்ளத்தாக்கின் புழுங்கும் பகல் கொஞ்சம்.

ஓசூர்க்காரர்கள் ஒரு காலத்தில் மின்விசிறிகூட இல்லாமல் தூங்கினார்கள் என்று பெரியவர்கள் சொல்வதில் மிகையில்லை. பக்கத்துப் பெங்களூர் புகழ் பெற்றதும் அந்தக் குளிர்ச்சியால்தான். ஆனால் 2016 ஏப்ரலில் பெங்களூரில் 39.2 டிகிரி பதிவானது. 2024 ஏப்ரலில் 38.5. வெளியே நிலைமை மாறிக்கொண்டிருக்கும் இதே காலத்தில்தான் உள்ளே கூரையும் மாறியது.

இந்தப் பகுதியில் புல் கூரை வீடு, நாட்டு ஓட்டு வீடு, கற்பலகை பாவிய வீடு, மங்களூர் ஓட்டு வீடு, சிமென்ட் ஷீட் வீடு, கான்கிரீட் தளம் போட்ட மெத்தை வீடு என்று எல்லாமே உண்டு. ஒரே தெருவில் நாலைந்து வகையைப் பார்க்கலாம். பாசல் மிஷன் 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையின் சரக்கு தென்னிந்தியா முழுதும் பரவியது போல, கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் கான்கிரீட் தளம் பரவியது. அரசுத் திட்டங்கள் இதற்குப் பெரிய உந்துதல். 2010-இல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011-இல் வந்த பசுமை வீடுகள் திட்டம், 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் ஆகிய மூன்றுமே குடிசைகளின் இடத்தில் கான்கிரீட் வீடுகளை வைத்தன. கனவு இல்லம் ஒன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய். பரப்பு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டிக் குடிசையில்லாத் தமிழ்நாட்டை உருவாக்குவது இலக்கு.

ஒரு குடும்பம் குடிசையிலிருந்து மெத்தை வீட்டுக்குப் போவது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் காட்டோர ஊர்களில் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆண்டும் கேழ்வரகு முற்றும் பருவத்தில் பன்னார்கட்டா காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வருகின்றன. தானிய வாசனைக்கு மண் சுவரை முட்டித் தள்ளும் யானைக்கு முன்னால் குடிசை என்ன செய்யும்? தீ, பாம்பு, ஒழுகல், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புல் மாற்றும் செலவு எல்லாம் இதோடு சேரும். உறுதியான சுவரும் ஒழுகாத தளமும் வேண்டும் என்று கேட்பது முழுக்க நியாயம். அந்தத் தளம் சுடாமலும் இருக்க வேண்டும் என்று கேட்பதும் அதே அளவு நியாயம். அந்தக் கேள்வியைத்தான் நாம் இன்னும் கேட்காமல் இருக்கிறோம்.

சுடுகிறதா இல்லையா என்பதை எண்ணால் சொல்ல முடியும். கட்டடப் பொறியாளர்கள் யு-மதிப்பு என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் சுவரோ கூரையோ இருக்கிறது. அதன் இரண்டு பக்கமும் ஒரு டிகிரி வெப்ப வித்தியாசம் இருக்கிறது. அப்போது அதன் வழியாக எத்தனை வாட் வெப்பம் கடக்கும் என்பதே யு-மதிப்பு. எண் சிறியதானால் கூரை வெப்பத்தைத் தடுக்கிறது, பெரியதானால் விடுகிறது. பொருளின் கனத்தை அதன் கடத்துதிறனால் வகுத்தால் அதன் தடை கிடைக்கும். எல்லா அடுக்குகளின் தடையையும், இரு பக்கத்துக் காற்றுப் படலத்தின் தடையையும் கூட்டித் தலைகீழாக்கினால் யு-மதிப்பு. பத்தாம் வகுப்புக் கணக்கு போதும்.

ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்துக்கு இப்படிக் கணக்குப் போட்டால் 3.3 வருகிறது. அதன் மேல் நம் ஊர் வழக்கப்படி மூன்று அங்குலம் செங்கல் ஜல்லி சுண்ணாம்புச் சுருக்கியும் தட்டோடும் போட்டால் 2.3 வாக்கில் இறங்குகிறது. ஆறு அங்குலக் கனத்துக்கு நெருக்கமாக வேய்ந்த புல் கூரைக்கு அதே கணக்கு 0.5-ஐ ஒட்டி நிற்கிறது.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2018 டிசம்பர் 14 அன்று, தேசிய எரிசக்திச் சேமிப்பு நாளில், வீடுகளுக்கென்றே ஒரு கட்டட விதித்தொகுப்பை வெளியிட்டது. ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்று பெயர். இந்திய–சுவிஸ் கூட்டுத் திட்டம் ஒன்றின் உதவியோடு உருவானது. அதில் கூரைக்குச் சொல்லியிருக்கும் உச்ச வரம்பு 1.2. அதாவது, நாட்டின் விதிப்படி குடிசையின் புல் கூரை நல்ல மதிப்பெண்ணில் தேறுகிறது. அதை அகற்றிவிட்டுப் போடும் வெறும் கான்கிரீட் தளம் வரம்பைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் வெப்பத்தை உள்ளே விடுகிறது. சுருக்கி போட்டாலும் தேறுவதில்லை.

கர்நாடகத்தின் சுக்கனஹள்ளி கிராமத்தில் இதை வீட்டுக்குள்ளேயே கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மோண்டோ மணியும் உடன் ஆய்வாளர்களும் அங்கே பழைய மண் சுவர் வீடுகளையும், காலப்போக்கில் சிமென்ட்டுக்கும் புதுக் கூரைக்கும் மாறிய வீடுகளையும் ஒப்பிட்டார்கள். மாறிய வீடுகளின் உட்புறம் கூடுதலாகச் சூடேறியது. வசதிக்காகச் செய்த மாற்றம் உடலுக்கு வசதியைக் குறைத்தது என்பதை எண்களோடு பதிவு செய்த ஆய்வு அது. அஞ்செட்டிக்கு அப்பால், மாநில எல்லையைத் தாண்டினால் வரும் கிராமங்களும் நம் கிராமங்களும் கட்டும் முறையில் வேறல்ல. ஆய்வின் முடிவு இங்கும் பொருந்தும்.

கான்கிரீட் தளத்துக்கு இன்னொரு குணம் உண்டு. வெப்பத்தை அது உடனே கீழே விடாது. தன்னுள் சேர்த்துவைத்து நாலைந்து மணி நேரம் கழித்து விடும். மதியம் ஒரு மணிக்கு வாங்கிய வெயிலை மாலை ஆறு மணிக்கு மேல் கூடத்தின் மேல் இறக்கத் தொடங்கும். வெளியே காற்று குளிர்ந்துவிட்ட இரவு ஒன்பது மணிக்கு மின்விசிறி அனலை அள்ளி வீசுவது இதனால்தான். ஷீட் வீட்டின் கதை வேறு. பகல் முழுதும் உள்ளே இருக்க முடியாது, ஆனால் பொழுது சாய்ந்ததும் ஷீட் ஆறிவிடும். பகலெல்லாம் காட்டிலும் கம்பெனியிலும் இருந்துவிட்டு இரவு மட்டும் வீட்டில் படுக்கிறவருக்கு மெத்தை வீட்டைவிட ஷீட் வீடு தேவலாம் என்று தோன்றுவது மனப்பிரமை அல்ல. பகல் முழுதும் வீட்டில் இருக்கும் கைக்குழந்தைக்கும் கிழவிக்கும் ஷீட் வீடு தண்டனை.

300 சதுர அடித் தளத்துக்கு ஒரு தோராயக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மழையிலும் வெயிலிலும் கறுத்த சிமென்ட் தளம் ஏப்ரல் நண்பகலில், வெளிக்காற்று 34 டிகிரியாக இருந்தாலும், 55 டிகிரிக் காற்று மேலே அடிப்பது போன்ற நிலைக்குப் போய்விடும். உள்ளே 30 டிகிரி என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 25. யு-மதிப்பு 3.3-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 80 வாட்டுக்கு மேல். முழுத் தளத்துக்கும் 2,300 வாட். ஒரு டன் ஏ.சி. வெளியேற்றக்கூடிய மொத்த வெப்பமே 3,500 வாட்தான். அதில் மூன்றில் இரண்டு பங்கு கூரை வழியாக வருவதை வெளியேற்றவே சரியாகிவிடும்.

இதே தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயிலில் பெரும்பங்கு திரும்பிவிடும். 55 என்பது 40-க்கு இறங்கும். உள்ளே வருவது சுமார் 900 வாட். பூச்சு இல்லாமல், தளத்தின் மேல் 40 மில்லிமீட்டர் தெர்மோகோல் வகை அடர் பலகையைப் பதித்து அதன் மேல் சிமென்ட் பூசி ஓடு ஒட்டினால் யு-மதிப்பு 0.7-க்கு வந்துவிடும், உள்ளே வருவது 500 வாட். இரண்டையும் சேர்த்துச் செய்தால் 200 வாட் அளவு. ஒரு அங்குலப் பலகை போட்டாலே விதித்தொகுப்பின் 1.2 வரம்புக்குள் தளம் வந்துவிடுகிறது. தளத்தின் கனம் இதையெல்லாம் சற்றே தணித்துத் தள்ளிப்போடும் என்பதால் அசல் எண்கள் கொஞ்சம் மாறும். ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மாறாது.

வெள்ளைப் பூச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. தூசி படிந்தால் அதன் திறன் குறையும். கிரானைட் குவாரிகளும் கிரஷர்களும் லாரிப் போக்குவரத்தும் உள்ள இந்த மாவட்டத்தில் தூசிக்குப் பஞ்சமில்லை. ஆண்டுதோறும் கோடைக்கு முன் கழுவ வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். பலகை பதித்தால் அந்த வேலை இல்லை, ஆனால் முதல் செலவு கூடுதல். கையில் பணம் குறைவானவருக்கு வெள்ளை, வீடு புதிதாகக் கட்டுபவருக்குப் பலகை என்பது நடைமுறைக்கு ஒத்து வரும்.

ஓசூரில் பலரும் தாங்களாகவே கண்டுபிடித்த மூன்றாவது வழி ஒன்றுண்டு. மொட்டை மாடியின் மேல் இரும்புக் குழாய் நிறுத்தி ஷீட் கொட்டகை போடுவது. துணி காயப் போடவும் விசேஷத்துக்குப் பந்தி வைக்கவும் என்று போடுகிறார்கள். ஆனால் அது தளத்துக்கு முழு நிழலும் தருகிறது. பக்கங்கள் திறந்திருப்பதால் நடுவில் காற்று ஓடி ஷீட்டின் சூட்டைக் கொண்டுபோய்விடும். தென்னங்கீற்றுப் பந்தலும் இதே வேலையைச் செய்யும். பொறியியல் கண்ணோட்டத்தில் இது மிக நல்ல தீர்வு. நாலு பக்கமும் அடைத்து அதையே வாடகை அறையாக்கிவிட்டால் பயன் போய்விடும்.

கூரை முடிந்தால் ஜன்னல். விதித்தொகுப்பு சுவரையும் ஜன்னலையும் சேர்த்து ஒரே எண்ணாக மதிப்பிடுகிறது. சுவர் வழியாகக் கடக்கும் வெப்பம், கண்ணாடி வழியாகக் கடக்கும் வெப்பம், கண்ணாடிக்குள் நேராக நுழையும் வெயில் ஆகிய மூன்றையும் கூட்டி வெளிச்சுவரின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது ஒரு சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு தட்பவெப்ப மண்டலத்துக்கும் தனித்தனிப் பெருக்கு எண்கள் உண்டு. சென்னை வெப்பமும் ஈரமும் கூடிய மண்டலம். பெங்களூர் மிதவெப்ப மண்டலம்.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், அதில் 15 சதவீதம் நிழலில்லாத சாதாரணக் கண்ணாடி ஜன்னல் என்று ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால், பெங்களூரின் எண்களில் அது 14-க்குள் வந்து தேறுகிறது. அதே வீடு சென்னை எண்களில் 17-ஐத் தாண்டித் தோற்கிறது. ஓசூர்ப் பக்கம் இப்போது அதிகம் கட்டுவது ஆறு அங்குல சிமென்ட் சாலிட் பிளாக் சுவர். அதன் யு-மதிப்பு செங்கல் சுவரின் இரண்டிலிருந்து மூன்றுக்கு மேல் ஏறிவிடுகிறது. அந்த வீடு பெங்களூரின் எண்களிலேயே 17 எடுத்துத் தோற்கிறது. ஆனால் எல்லா ஜன்னலுக்கும் மேலே இரண்டடி சன்ஷேட் நீட்டினால் கண்ணாடிக்குள் நுழையும் வெயில் குறைந்து மறுபடி 15-க்குள் வந்துவிடுகிறது. இரண்டடி சன்ஷேட் ஒரு சுவரையே மாற்றிக் கட்டியதற்குச் சமமான வேலையைச் செய்கிறது. முகப்பு அழகுக்காக இப்போது சன்ஷேட்டே இல்லாமல் பெட்டி பெட்டியாகக் கட்டும் பாணி வந்திருக்கிறது. நம் வெயிலுக்கு அது ஒவ்வாத பாணி என்று தயங்காமல் சொல்லலாம்.

அஞ்செட்டி எந்த மண்டலம் என்று கேட்டால், இரண்டு எண்களிலும் கணக்குப் போட்டு, இரண்டிலும் தேறும்படி கட்டிக்கொள்வதே பாதுகாப்பு. வெயில் எந்தத் திசையில் எவ்வளவு என்பதற்கும் விதித்தொகுப்பில் எண் இருக்கிறது. கிழக்கும் மேற்கும் 1.16 என்றால் வடக்கு 0.66. பெரிய ஜன்னலை வடக்கிலும் தெற்கிலும் வைக்கலாம். தெற்கில் டிசம்பர் நண்பகல் வெயில் 54 டிகிரிச் சாய்வில் வரும்; மார்கழிக் குளிருக்கு அது கொஞ்சம் உள்ளே வருவதும் நல்லதே. மேற்கு வெயிலைச் சன்ஷேட்டால் தடுக்க முடியாது. மூன்று மணிக்கு மேல் அது தாழ்ந்துகொண்டே போய், மாலையில் கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் வரும். மேற்கே திண்ணையோ, படிக்கட்டோ, குளியலறையோ, ஒரு புங்க மரமோ வந்துவிட்டால் படுக்கையறை தப்பிக்கும்.

ஓசூர் மனைகள் பெரும்பாலும் முப்பதுக்கு நாற்பது. திசை பார்த்து வீட்டைத் திருப்ப இடமிருக்காது. இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். அது ஒரு வகையில் நல்லது, பக்கச் சுவர்களுக்கு நிழல் கிடைக்கும். ஆனால் காற்று தடைபடும். திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் மிதவெப்ப மண்டலத்தில் எட்டில் ஒரு பங்கும், சென்னை போன்ற மண்டலத்தில் ஆறில் ஒரு பங்கும் இருக்க வேண்டும் என்கிறது விதித்தொகுப்பு. 100 சதுர அடி அறைக்குப் பன்னிரண்டரை சதுர அடி. நாலுக்கு நாலு ஸ்லைடிங் ஜன்னல் வைத்தால் 16 சதுர அடி இருக்கிறதே என்று தோன்றும். ஒரு கதவை மற்றதன் மேல் தள்ளினால் பாதிதான் திறக்கும், ஆக எட்டு. இருபுறமும் விரியத் திறக்கும் பழைய மர ஜன்னலில் பதினாறும் கிடைக்கும்.

இந்தப் பகுதிக்கு இயற்கை தந்திருக்கும் பெரிய சொத்து இரவுக் குளிர். ஏப்ரலிலும் மேட்டுநிலத்தில் பகல் 34 டிகிரி என்றால் இரவு 22-க்கு இறங்கும். பகலில் ஜன்னலைச் சாத்தி நிழலில் வைத்து, இரவில் திறந்துவிட்டால் சுவரும் தளமும் ஆறி, மறுநாள் மதியம் வரை அந்தக் குளிர்ச்சியைத் தாங்கும். கனமான கல் சுவரும் மண் சுவரும் இதற்கு ஏற்றவை. கொசுவலையும் உறுதியான கம்பியும் இல்லாமல் யாரும் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்க மாட்டார்கள் என்பதால், அவற்றின் செலவை வீட்டுக் குளிர்ச்சிச் செலவாகவே கணக்கில் எழுத வேண்டும்.

வடிவமைப்பில் போட்ட கணக்கு உண்மையில் பலித்ததா என்று பார்க்க, கட்டி முடித்த வீட்டை அளக்க வேண்டும். குளிர் நாடுகளில் கதவில் பெரிய விசிறி பொருத்திக் காற்றுக்கசிவை அளப்பார்கள். நமக்கு அது தேவைப்படாது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இரண்டு வெப்பமானிகள் போதும். ஒன்று வடக்குப் பக்கம், வெயில் படாத இடத்தில் வெளியே. மற்றொன்று அறையின் நடுவில், உட்கார்ந்தால் நெஞ்சு வரும் உயரத்தில். கோடையில் ஒரு வாரம் மணிக்கு மணி குறித்துவந்தால் மூன்று செய்திகள் கிடைக்கும்: வெளி உச்சத்துக்கும் உள் உச்சத்துக்கும் எவ்வளவு வித்தியாசம், உள் உச்சம் எத்தனை மணி நேரம் கழித்து வருகிறது, இரவில் வீடு வெளிக்காற்றைவிட எவ்வளவு சூடாக இருக்கிறது. உள் உச்சம் வெளி உச்சத்தைத் தாண்டினால் பெரும்பாலும் கூரையில்தான் குற்றம் என்று சொல்லலாம்.

காற்றின் வெப்பம் மட்டும் போதாது. காற்று 32 டிகிரியாக இருந்தாலும் தலைக்கு மேல் சீலிங் 40 டிகிரியில் இருந்தால், அது உடல்மேல் வீசும் கதிர்வெப்பம் தனியாகத் தெரியும். ஆய்வாளர்கள் இதற்குக் கறுப்புப் பூச்சுப் பூசிய உலோக உருண்டைக்குள் வெப்பமானியை வைத்து அளப்பார்கள். கறுப்பு அடித்த டேபிள் டென்னிஸ் பந்துக்குள் வெப்பமானியின் முனையைச் செருகினாலும் வேலை நடக்கும். கள ஆய்வுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். பள்ளி மாணவர்கள் ஊரிலுள்ள ஓட்டு வீடு, ஷீட் வீடு, மெத்தை வீடு மூன்றிலும் இப்படி அளந்து பார்த்தால் அருமையான அறிவியல் திட்டமாக அமையும்.

எத்தனை டிகிரி என்றால் சுகம்? அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சென்னை, பெங்களூர் உள்பட ஐந்து நகரங்களில் அலுவலகங்களில் இருந்தவர்களைக் கேட்டு 2014-இல் ஒரு சூத்திரம் தந்தார்கள். கடந்த முப்பது நாள் வெளிவெப்பச் சராசரியை 0.54-ஆல் பெருக்கி 12.83-ஐக் கூட்டினால் ஏ.சி. இல்லாத கட்டடத்தில் மக்களுக்கு இதமான வெப்பநிலை வரும். இரு பக்கமும் 2.4 டிகிரி வரை பரவாயில்லை. வெளிச் சராசரி 28 என்றால் இதமான அளவும் 28, ஏறத்தாழ 30.3 வரை பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள். குளிர் நாட்டு அளவுகோலை வைத்து 22 டிகிரிக்கு ஏ.சி. ஓட்ட வேண்டிய உடல் நம்முடையதல்ல என்பதை இந்த ஆய்வு காட்டியது. அறை 30-இல் நின்றால் ஒரு மின்விசிறி போதும். பழைய மின்விசிறி 75 வாட். இப்போது வரும் பி.எல்.டி.சி. வகை 30 வாட் வாக்கில் அதே காற்றைத் தருகிறது.

மாற்று வழியில் கட்டியவர்கள் தொலைவில் இல்லை. இந்திய அறிவியல் கழகத்தில் அமுல்ய ரெட்டி 1974-இல் தொடங்கிய அஸ்த்ரா மையத்தில் கே.எஸ்.ஜகதீஷ் உள்ளிட்டோர் சிறிதளவு சிமென்ட் கலந்து அழுத்திய மண்கட்டியை வளர்த்தெடுத்தார்கள். சூளை எரிக்காமல் செய்யும் கட்டி. பெங்களூர்க் கட்டடக் கலைஞர் சித்ரா விஸ்வநாத் வித்யாரண்யபுரத்தில் தன் வீட்டையே மண்கட்டியில் கட்டிக் காட்டினார். லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கல்லை நிமிர்த்தி வைத்து நடுவில் காற்றிடம் விடுவார்கள். நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம், வெப்பமும் தடைபடும். பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தின் சிட்லிங்கியில் மருத்துவர்கள் ரெஜி, லலிதா தம்பதியர் 1993-இல் பழங்குடி மக்களோடு சேர்ந்து தொடங்கிய மருத்துவமனையின் முதல் கட்டடம் மண் சுவரும் புல் கூரையும் கொண்டதுதான். இவை எல்லாம் பெரும்பாலும் ஆர்வலர்களின் முயற்சிகளாகவே நின்றுவிட்டன. அரசுக் கட்டுமானத்தில் பரவலாகவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

விதித்தொகுப்பு 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கென்று எழுதப்பட்டது. அது சுமார் 12 சென்ட். ஓசூரின் முப்பதுக்கு நாற்பது மனை மூன்று சென்ட்டுக்கும் குறைவு. அஞ்செட்டி மலையூர்களில் ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைக்கும் கனவு இல்லம் 360 சதுர அடி. வெப்பம் யாரை அதிகம் வாட்டுகிறதோ அவர்களின் கூரையை விதி பார்ப்பதில்லை. இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம் 2019-இல் வந்தபோது நாட்டில் நூற்றுக்கு எட்டு வீடுகளில்தான் ஏ.சி. இருந்தது, 2037-38-இல் நாற்பதாகும் என்று அது மதிப்பிட்டது. அப்போதும் அறுபது வீடுகள் கூரையை மட்டுமே நம்பியிருக்கும்.

தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை அறிவித்து, அரசு கட்டித்தரும் ஏழைகளின் வீடுகளையும் அதற்குள் கொண்டுவந்தது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது; வெயிலில் இறந்தவரின் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. அதே அரசின் வீட்டுத் திட்டத்தில், 300 சதுர அடித் தளத்தின் மேல் ஒரு அங்குலப் பலகைக்கோ வெள்ளைப் பூச்சுக்கோ செலவு மதிப்பீட்டில் தனியாக ஒரு வரி எழுதிச் சேர்த்தால், வெயில் வீட்டுக்குள் வந்து ஆளைத் தொடுவதற்கு முன்பே தடுக்கலாம்.

சொந்தமாகக் கட்டுகிறவர்கள் இதைத் தளம் போடும் முன்பே மேஸ்திரியிடம் பேசிவிட வேண்டும். பலகையும் அதன் மேல் சிமென்ட்டும் ஓடும் சேர்ந்து தளத்தின் மட்டத்தை மூன்று நாலு அங்குலம் உயர்த்தும். மழைநீர்க் குழாயின் வாய், மாடிப்படி அறையின் வாசற்படி, கைப்பிடிச் சுவரின் உயரம் மூன்றையும் அதற்கேற்ப முதலிலேயே ஏற்றி வைக்க வேண்டும். மறந்துவிட்டால், பிறகு பலகை பதிக்கும்போது ஐப்பசி மழைத் தண்ணீர் படி வழியாக வீட்டுக்குள் இறங்கும். நீர்க்காப்புப் பூச்சை முதலில் தளத்தின் மேல் அடித்து, 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதித்துவிட்டு, அதன் பிறகே பலகையைப் பதிக்க வேண்டும்.